பரிசு வாங்கிய சாப்பாடு

"வாய ஊது."

மாரிச்செல்வி மகளின் முகத்துக்கு நேரே குனிந்து நின்றாள். பாண்டிமீனா உதட்டைக் குவித்து மெல்ல ஊதினாள். ரசச் சோற்றின் புளிப்பைத் தவிர அந்த வாயில் வேறு எந்த வாசமும் இல்லை.

"நல்லா ஊது. வயித்துலேர்ந்து ஊது."

மீனா மறுபடியும் ஊதினாள். பதினான்கு வயது முடிந்த பெண், ஒன்பதாம் வகுப்புப் படிப்பவள். குடித்துவிட்டு வந்தவனைப் போலீஸ்காரர் சோதிக்கிற மாதிரி தாய் தன்னைச் சோதிப்பதை ஏற்றுக்கொண்டு நின்றாள். இது முதல் தடவை அல்ல.

விஷயம் இரண்டு கடலைமிட்டாய். அடுக்களை அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் எவர்சில்வர் டப்பாவில் காலையில் ஐந்து இருந்தன, இப்போது மூன்றுதான் இருக்கின்றன. அந்த டப்பா தம்பி விக்னேஷ்வரனுக்கு உரியது. ஏழாம் வகுப்புப் படிக்கும் அவன், இரவு ஒன்பது மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் படுக்கப் போகுமுன் தின்பதற்காக வாங்கி வைத்தது. அவன் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டான். அப்படியானால் எடுத்தவள் மீனாதான் என்பதில் மாரிச்செல்விக்குச் சந்தேகமே வரவில்லை.

வாசலில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்த பாண்டிமுருகன் அப்போதுதான் தலையைத் தூக்கினான்.

"அத நாந்தான் எடுத்தேன். மத்தியானம் காட்டுக்குப் போகையில ரெண்டத் தூக்கிப் பையில போட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் செல்போனுக்குள் போய்விட்டான். அவன் வாயை யாரும் மோந்து பார்க்கவில்லை. மாரிச்செல்வி டப்பாவை மூடி மேல்தட்டில் வைத்தாள். போய்த் தம்பிக்குப் பாலைக் காய்ச்சு என்று மகளிடம் சொன்னாள். அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்பது என்றால் அவ்வளவுதான்.

வெம்பக்கோட்டைக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் பாண்டிமுருகன் ஒன்றும் இல்லாதவன் அல்ல. நாலு ஏக்கர் மானாவாரி நிலம், மக்காச்சோளம் போட்டிருக்கிறான். இரண்டு பசுமாடு. காரை வீடு. மாரிச்செல்வி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்கு வேனில் போய் வருகிறாள். அதை அவன் வேலை என்று சொல்வதில்லை. "வீட்ல சும்மா கெடக்க முடியலன்னு போறா" என்பான். மழை பொய்த்த மூன்று வருஷமும் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது அவள் சும்மா போய் வந்ததால்தான். அதை அவன் எங்கேயும் சொன்னதில்லை, அவளும் சொல்லிக் காட்டியதில்லை.

அந்த வீட்டில் சாப்பாட்டுக்குச் சட்டம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைத்த சட்டங்களைவிட ஒழுங்காக நடந்தது. மகனுக்கு இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு. ஒன்பது மணிக்கு மிளகுத்தூள் தூவிய அவித்த முட்டை ஒன்று, சத்துமாவு கலந்த பால் ஒரு டம்ளர், வாழைப்பழம், அதற்கும் மேலே ஒரு கடலைமிட்டாயோ ஒரு கை சாத்தூர்ச் சேவோ. ஒன்பது வயதில் அவனுக்கு டைபாய்டு வந்து படுத்தான். அது போய் மூன்று வருஷம் ஆகிறது. பையன் இப்போது தெருவில் யாரையும் ஓடவிட்டுப் பிடிப்பான். ஆனாலும் "நோவு கண்ட உடம்பு, வளர்ற பிள்ளை" என்ற பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

மீனாவும் வளர்கிற பிள்ளைதான். ஆனால் பெண் பிள்ளை வளர்வதை அந்தத் தெருவில் யாரும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. அவளுக்கு ஏழரை மணிக்கு ரசமோ மோரோ ஊற்றிய சோறு, தொட்டுக்கொள்ள ஊறுகாய். அதோடு மறுநாள் காலை வரைக்கும் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். விளக்கு வைத்த பிறகு முட்டை, கறி, மீன் ஆகாது, காத்து கருப்பு அண்டும். பால் குடித்தால் உடம்பு ஊதிவிடும். கடலை தின்றால் முகத்தில் பரு வரும். இரண்டாவது தடவை சோறு கேட்டால், போகிற வீட்டில் யார் இப்படி அள்ளிப் போடுவார்கள் என்ற கேள்வி வரும். போகிற வீட்டில் கிடைக்காத சோற்றை இருக்கிற வீட்டிலாவது போடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவளுக்கும் ஒரு முப்பது நாள் வாய்த்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் வயதுக்கு வந்தபோது, இருக்கன்குடியிலிருந்து தாய்மாமன் செந்தூர்பாண்டி சீர் கொண்டுவந்தான். வைக்கோல் பரப்பிய கூடையில் நாட்டுக்கோழி முட்டைகள், ஒரு டின் நல்லெண்ணெய், உளுந்து, கருப்பட்டி. காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் எண்ணெயும், மத்தியானம் உளுந்தங்களி, ராத்திரி மறுபடியும் களி. பிள்ளை குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள். வாயைப் பொத்தி விழுங்க வைத்தார்கள். இடுப்புக்குப் பலம், நாளைக்குப் பிள்ளை பெறப் போகிற இடுப்பு. சடங்கு வீடியோவில் அந்தத் தட்டுகளை எல்லாம் வரிசையாகக் காட்டி எடுத்தார்கள். முப்பத்தோராம் நாள் கூடை காலி, களிப் பானை கழுவிக் கவிழ்த்தாயிற்று. பிள்ளை பெறுவதற்கான இடுப்புக்கு ஒரு மாதம் தீனி போட்டவர்கள், அந்த இடுப்பைத் தூக்கிக்கொண்டு தினமும் மூன்று மைல் நடந்து பள்ளிக்கூடம் போகிறவளை அதோடு மறந்துபோனார்கள்.

தினமும் ஒன்பது மணிக்குத் தம்பியின் முட்டையை அவிப்பதும் உரிப்பதும் பாலை ஆற்றுவதும் மீனாவின் வேலை. ஓடு ஒட்டாமல் வழவழவென்று முழுசாக உரிப்பதில் அவளுக்கு நல்ல கைப்பழக்கம் வந்துவிட்டது. இரண்டு வருஷமாக உரிக்கிறாள்.

மாரிச்செல்வி கெட்டவளா என்றால், இல்லை. காலை ஏழரைக்கு வேன் ஏறி, நாள் பூராவும் குனிந்து உட்கார்ந்து பெட்டிக்குப் பெட்டி அடுக்கி, சாயங்காலம் ஆறரைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவள். களைத்துப்போன மனுஷிக்குச் சட்டம் வசதியானது. அதன்படி நடந்தால் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அவளுடைய தாய் அவளை அப்படித்தான் வளர்த்தாள். போன வருஷம் ஒருநாள் மனசு கேட்காமல் மீனாவுக்கும் அரை டம்ளர் பால் ஊற்றினாள். பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனார் செல்லத்தாய் அதைப் பார்த்துவிட்டாள். "பொம்பளப் பிள்ளைய இப்படிக் கொழுக்க வச்சா எவன் கட்டுவான்?" என்று தன் தம்பியிடம் கேட்டாள். பாண்டிமுருகன் சிரித்தான். அவன் எதற்கும் தடை சொன்னவன் இல்லை. மகள் ராத்திரி என்ன சாப்பிடுகிறாள் என்பதே அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவனுக்கு வந்ததில்லை.

விக்னேஷ்வரன் வேனில் சாத்தூருக்குப் போய் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தான். மீனா பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் படித்தாள். அங்கே அந்த மாதம் இரண்டு காரியம் நடந்தது. சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்து ஒன்பதாம் வகுப்புப் பெண்களின் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். அது ஒன்று. அறிவியல் டீச்சர் ஸ்ரீமதி, ஏழு நாளைக்குக் காலையிலிருந்து படுக்கப் போகிறவரைக்கும் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார். அது இரண்டாவது. வளர் பருவத்துப் பிள்ளைகளின் சாப்பாடு பற்றிப் பெற்றோர் கூட்டம் நடக்கப் போகிறது, நல்ல நோட்டுக்கு மேடையில் பரிசு என்றும் சொன்னார்.

முதல்நாள் மீனா உள்ளதைத்தான் எழுதினாள். இரவு: ரசம் சோறு, எலுமிச்சங்காய் ஊறுகாய். அதற்குக் கீழே, டீச்சர் அச்சடித்துக் கொடுத்து நோட்டில் ஒட்டச் சொன்ன தாளில் "படுக்கும் முன்" என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்று எழுதலாம். எழுதினால் டீச்சர் படிப்பார், வகுப்பில் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். நாலு ஏக்கர் வைத்திருக்கிற வீட்டில், வாசலில் இரண்டு மாடு கட்டியிருக்கிற வீட்டில், பிள்ளைக்கு ஒரு டம்ளர் பால் கிடையாதா என்று கேட்பார்கள். அப்பாவைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவளால் தாங்க முடியாது. இந்த வீட்டின் மானத்தைக் காப்பாற்றச் சொல்லி யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளாகவே அந்தப் பாரத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

அடுக்களையில் தம்பியின் முட்டை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் பென்சிலால் எழுதினாள். அவித்த முட்டை ஒன்று, மிளகுத்தூளுடன். சத்துமாவு கலந்த பால், ஒரு டம்ளர். வாழைப்பழம் ஒன்று. எழுத எழுத வாயில் எச்சில் ஊறியது. பிறகு மேலே போய் ரசம் சோற்றையும் அழித்துவிட்டு, தம்பி எட்டு மணிக்குச் சாப்பிட்ட தோசையும் கடலைச் சட்னியும் எழுதினாள். ஏழு நாளும் அப்படியே எழுதினாள். எது எப்போது, எவ்வளவு என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அடுப்பிலிருந்து இறக்கியதும் முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டால் ஓடு ஒட்டாமல் வரும் என்று ஒரு குறிப்புகூட எழுதிவிட்டாள். ஒரு தட்டுச் சாப்பாட்டைத் தின்றவனைவிட எடுத்து வைத்தவளுக்குத்தான் அதைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது.

ஸ்ரீமதி டீச்சர் சிவகாசிக்காரர், வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, செய்வதை மனசார நம்பிச் செய்கிறவர். முப்பத்தெட்டு நோட்டையும் ராத்திரி உட்கார்ந்து படித்தார். மீனாவின் நோட்டுக்கு முதல் பரிசு போட்டார். படித்த சந்தோஷத்தில் அதைச் சுகாதார நிலையத்து நர்ஸிடமும் வாசித்துக் காட்டினார். நர்ஸிடம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த நர்ஸுக்குத் திக்கென்றது.

பரிசு விஷயத்தைத் தலைமையாசிரியர் போனில் சொன்னதும் பாண்டிமுருகன் வெள்ளைச் சட்டை எடுத்துத் தேய்க்கச் சொன்னான். மகள் படிப்பில் ஏதோ பரிசு வாங்குகிறாள் என்றுதான் அவன் நினைத்தான். சனிக்கிழமை கூட்டம். தீபாவளி சீசன், லோடு போகிற நாள். லீவு கேட்டதற்கு மாரிச்செல்வி சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் நர்ஸ் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மீனாவோட அம்மாதான? ரத்தம் எட்டுக்கூட இல்லம்மா. பன்னெண்டு இருக்கணும்."

மாரிச்செல்விக்குப் புரியவில்லை. மகள் கொஞ்ச நாளாகவே வெளிறித் தெரிந்தாள், படி ஏறினால் மூச்சு வாங்கினாள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். நர்ஸ் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். சாப்பாட்டில் குறை இருந்தால் சத்து மாத்திரையோடு விட்டுவிடலாம், ஆனால் இந்த வீட்டில் பிள்ளைக்கு அப்படிக் கவனித்துக் கொடுக்கிறீர்கள். இவ்வளவு தின்றும் ரத்தம் ஊறவில்லை என்றால் உடம்புக்குள்ளே வேறு ஏதோ சீக்கு இருக்க வேண்டும். விருதுநகர்ப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருகிறேன். எலும்பில் ஊசி போட்டுக்கூட எடுத்துப் பார்ப்பார்கள், பயப்படாதீர்கள் என்றார்.

கவனித்துக் கொடுக்கிறீர்கள் என்று யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று மாரிச்செல்வி கேட்க வாய் எடுத்தாள். அதற்குள் மைக்கில் கூப்பிட்டார்கள். கையில் சீட்டோடு போய் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். சீக்கு என்ற வார்த்தை மட்டும் காதுக்குள் நின்றது. வயசுப் பெண்ணுக்கு ரத்தத்தில் சீக்கு என்று ஊரில் ஒரு வாய் சொன்னால் போதும், ஒன்பது வாய் சேர்ந்துகொள்ளும். பிறகு சீக்கு இல்லை என்று ஆஸ்பத்திரியே வந்து சொன்னாலும் எடுபடாது.

மேடையில் ஸ்ரீமதி டீச்சர் நோட்டைப் பிரித்து வாசித்தார். இரவு எட்டு மணி, தோசை மூன்று, கடலைச் சட்னி. ஒன்பது மணி, அவித்த முட்டை ஒன்று, மிளகுத்தூளுடன். இரண்டாவது வரியிலேயே மாரிச்செல்விக்குத் தெரிந்துவிட்டது. புதன்கிழமை வாழைப்பழம் இல்லாமல் கொய்யாப்பழம் கொடுத்தது, வெள்ளிக்கிழமை முட்டைக்குப் பதிலாக நெய்யில் வதக்கிய பேரீச்சம்பழம் கொடுத்தது, எல்லாம் அந்த நோட்டில் இருந்தது. அவள் மகனுக்குச் செய்தது ஒன்றுவிடாமல் இருந்தது. ஆண்கள் பக்கம் பார்த்தாள். பாண்டிமுருகன் வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு அயிட்டத்துக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த அதே ஊர்க்காரன் முனியராஜ் என்னவோ சொல்ல, பெருமையாகச் சிரித்தான். அது மகன் சாப்பிடுவது, மகள் சாப்பிடுவது அல்ல என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. மாரிச்செல்விக்கு அப்போது வந்த கோபம் அவன் மேல் பாதி, தன் மேல் பாதி.

மேடை ஓரத்தில் மீனா நின்றாள். தாயை நேராகப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

டீச்சர் முடித்துவிட்டு, இந்தத் தாய் மற்ற தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அழைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மாரிச்செல்வி எழுந்து போனாள். மைக் பிடித்துப் பழக்கமில்லை. நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். இறங்கினால் மானம் மிஞ்சும், திங்கட்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இல்லாத சீக்கைத் தேடி அவள் எலும்பில் ஊசி இறங்கும்.

"இதெல்லாம் எம் மகன் திங்கிறது," என்றாள்.

கூட்டத்துக்குச் சரியாகக் கேட்கவில்லை. டீச்சர் மைக்கைக் கிட்டே தள்ளி வைத்தார்.

"டீச்சர் வாசிச்சது எல்லாம் எம் மகனுக்கு நாங் குடுக்கிறது. இவளுக்கு ஏழரை மணிக்கு ரசஞ்சோறு. அதுக்கு மேல பச்சத் தண்ணிதான். தம்பிக்கு முட்டைய உரிச்சுக் குடுக்கிறது இவதான், அதான் இம்புட்டுச் சரியா எழுதியிருக்கா. பொய் எழுதணும்னு எழுதல. எங்க வீட்டு மானத்துக்காக எழுதியிருக்கா."

நர்ஸ் நின்ற பக்கம் திரும்பி, கையில் இருந்த சீட்டை மேஜை மேல் வைத்தாள்.

"அவளுக்குச் சீக்கு ஒண்ணும் இல்லம்மா. பசி."

ஆண்கள் சிலர் பாண்டிமுருகனைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஸ்ரீமதி டீச்சர் பரிசுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். தலைமையாசிரியர் எழுந்து, தாயின் நேர்மையைப் பாராட்டி ஏதோ சொல்லி, நேரமாகிறது என்று பரிசை இரண்டாவது நோட்டுக்குக் கொடுக்கச் சொன்னார். அது முனியராஜின் மகள் எழுதியது. அவளும் தினம் ராத்திரி முட்டையும் பாலும் எழுதியிருந்தாள். அவளுக்கும் ஒரு அண்ணன் உண்டு. பரிசை வாங்க மேடைக்கு வந்த அந்தப் பிள்ளையின் தாய் தலை நிமிரவே இல்லை. இந்தத் தடவை டீச்சர் அவளைப் பேசக் கூப்பிடவில்லை.

பாண்டிமுருகன் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டான். போகுமுன் வாசலில் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "ஊரு முன்னால என்னயப் பிச்சக்காரனாக்கிட்ட." தாயும் மகளும் சோளக்காட்டு ஓரமாகக் கரிசல் பாதையில் நடந்தார்கள். நல்ல வெயில். பாதி வழியில் மீனா மூச்சு வாங்கி நின்றாள். மாரிச்செல்வி அவளை ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வைத்தாள்.

"ஏம்மா சொன்ன? இனி டீச்சர் என்னய நம்புவாகளா?"

"உன்னய நம்புவாக. என்னயத்தான் நம்ப மாட்டாக."

மீனா அழுதாள். மாரிச்செல்விக்கு அழுகை வரவில்லை. அவளுக்கு அலுப்பாக இருந்தது. மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பெருவிரலும் சுட்டுவிரலும் தாராளமாகச் சேர்ந்தன. தினம் பார்க்கிற கைதான், பட்டாசுப் பெட்டியில் எடை குறைந்தால் கையில் தூக்கியதுமே கண்டுபிடிக்கிறவள் இதைப் பார்க்காமல் எப்படி இருந்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நர்ஸ் சத்து மாத்திரை கொடுத்திருந்தார், சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். சாப்பிட்ட பிறகு என்பதை அழுத்திச் சொன்னார். அது அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் செல்லத்தாய் வாசலிலேயே நின்றாள். விஷயம் அவளுக்கு முன்னமே வந்து சேர்ந்துவிட்டது. ஊர் சிரிக்க வைத்துவிட்டாயே, நாளைக்கு இவளை ஒருத்தன் கேட்டு வருவானா என்று ஆரம்பித்தாள். மாரிச்செல்வி நின்று கேட்டாள். முடிந்ததும், "மதினி, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பாண்டிமுருகன் பொழுது அடையும் நேரத்தில் வந்தான். வண்டியின் முன்பக்கம் முப்பது முட்டை கொண்ட அட்டை ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். நேர் வழியில் வந்தால் வீடு பக்கம்தான். அவன் டீக்கடையைச் சுற்றி, ஊர் மந்தைத் திடலைச் சுற்றி, முனியராஜ் வீட்டு வாசல் வழியாக மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தான். என்ன இம்புட்டு முட்டை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பிள்ளைகளுக்கு என்று நின்று பதில் சொன்னான். இரண்டு வருஷம் ஒரு பிள்ளையைப் பட்டினி போட்ட அதே மானம், இன்றைக்கு அவளுக்கு முட்டை வாங்கி வந்திருக்கிறது. மாரிச்செல்விக்கு இது விளங்காமல் இல்லை. எதற்காக வாங்கினால் என்ன, முட்டை முட்டைதான் என்று அட்டையை வாங்கி உள்ளே வைத்தாள். சண்டை போடவும் அவளிடம் தெம்பு இல்லை.

ஒன்பது மணிக்குப் பாண்டிமுருகன் கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்தான். தெருவுக்கும் கேட்கிற குரல்.

"ஏ, அவளுக்கும் ஒண்ணு அவிச்சுக் குடு."

பக்கத்து வீட்டில் செல்லத்தாயின் டிவிச் சத்தம் சட்டென்று குறைந்தது. மீனா எப்போதும்போலப் பாத்திரத்தை எடுக்க அடுக்களைக்கு வந்தாள். மாரிச்செல்வி அவளை மணையில் உட்காரச் சொன்னாள். மகள் எழுந்திருக்கப் போனாள், அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். விக்னேஷ்வரனைக் கூப்பிட்டு, இன்றிலிருந்து உன்னுடையதை நீயே உரித்துக்கொள் என்றாள். அவனுக்கு உரிக்கத் தெரியாது, அதனால் கொஞ்சம் பயந்தமாதிரி அக்காவைப் பார்த்தான்.

தண்ணீர் குடிக்க உள்ளே வந்த பாண்டிமுருகன் அடுப்பில் இருந்த பாத்திரத்தை எட்டிப் பார்த்தான்.

"ரெண்டு பிள்ளைகளுக்கு நாலு முட்ட எதுக்கு?"

மாரிச்செல்வி திரும்பவில்லை. அடுப்பைத் தணித்தாள்.

"வீட்டுல நாலு பேரு இருக்கோம்."

அவன் குடத்தில் சொம்பை விட்டுத் தண்ணீர் மோந்தான். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில், அந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பதை அவன் அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தான்.